ஓடாத 'ரன்'

'ரன்' என்றால் ஓடுதல் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். தவளக்குப்பம் வழியே கடலூர்ச் சாலையில் பேருந்து ஓடுகிறது, திரைப்படமும் ஓடுகிறது. இங்கே இருமொழிகளும் ஒத்துப்போகின்றன. ஆனால் மூக்கு 'ரன்' செய்தால் ஒழுகுகிறது. தேர்தலில் 'ரன்' செய்பவரோ தமிழில் நிற்கிறார்!

அன்னை கடையை 'ரன்' செய்கிறார் என்பதை, "கடைக்கு ஓடுகிறார்" என மொழிபெயர்த்தாள் ஒரு தோழி. வகுப்பே சிரித்தது. அவள் அன்னை கடை நடத்தித்தான் அவளைப் படிக்க வைக்கிறார். சிரித்த எங்களுக்கும் சரியான விடை தெரியவில்லை, வெட்கினோம்.

1989இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்'. பின்னர் 600க்கும் மேற்பட்ட பொருள்களுடன் 'ரன்' அதனை முந்தி ஓடியது.

தோழியரே, சொல்லைத் தனியே மனனம் செய்யாமல் வாக்கியத்தோடு கற்போம். பிழை செய்பவரைப் பார்த்துச் சிரியாதிருப்போம்!