பாற்சோற்றுக்குக் கருப்புச் சட்டை

மெதுவாக எட்டிப் பாருங்கள், அடுப்படியில் அமர்க்களம்! ஒரு பக்கம் பால் பொங்குகிறது, மறுபக்கம் மாவு பறக்கிறது. பின்லாந்துக்காரர்கள் காலையிலும் மாலையிலும் ஆசையாகக் கடிக்கும் கர்யாலன்பீராக்கா இங்கேதான் தயாராகிறது. மேலே ரை மாவில் மெல்லிய ஓடு. உள்ளே? நம்ப மாட்டீர்கள், குழையக் குழைய வெந்த பாற்சோறு! நெல்லே விளையாத குளிர்நாட்டில்!

இந்தப் பலகாரம் பிறந்த கரேலியா, பின்லாந்தும் ரஷ்யாவும் பங்கிட்டுக்கொண்ட எல்லைப் பகுதி. ரை அங்கே அன்றாடத் தானியம். உள்ளே முதலில் வைத்தது பார்லி, பிறகு உருளைக்கிழங்கு. அரிசி கப்பலில் வந்த விலையுயர்ந்த சரக்கு. விசேஷ நாளுக்கு மட்டும். தருமபுரிப் பெரியவர்களிடம் சொன்னால் உடனே தலையாட்டுவார்கள். இங்கேயும் அன்றாடம் ராகிக் களி, நெல்லுச்சோறு நாள் கிழமைக்குத்தானே! நாம் இரண்டையும் தனித்தனித் தட்டில் வைத்தோம். கரேலியப் பெண்கள் ஒன்றுக்குள் ஒன்றை வைத்து மடித்துவிட்டார்கள், கெட்டிக்காரிகள்!

1939இல் தொடங்கிய போர்களில் பின்லாந்து வசமிருந்த கரேலியாவின் பெரும்பகுதி சோவியத் வசம் போனது. சுமார் 4 லட்சம் பேர் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். போன ஊரிலெல்லாம் மாவு தேய்த்தார்கள். நாடு முழுக்க ருசி பரவியது. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் இதன் பெயருக்கும் செய்முறைக்கும் பாதுகாப்பே கொடுத்துவிட்டது.

சரி, கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்! ஒரு பங்கு பச்சரிசியை ஒரு பங்கு தண்ணீரில் வேகவிட்டு, நாலைந்து பங்கு பால் ஊற்றி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் கிளற வேண்டும். உப்பு மட்டும், சர்க்கரைப் பக்கம் கையே போகக் கூடாது. நன்றாக ஆறட்டும். சூட்டோடு வைத்தால் ஓடு நனைந்து கிழியும்.

ரை கிடைக்கவில்லையா? 2023இல் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகியை ரேஷனில் கொடுக்கத் தொடங்கிய தருமபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தக் கவலையா! ஆனால் ராகியில் குளூட்டன் இல்லை. தனியாகத் தேய்த்தால் விரிசல் விடும். கொதிநீர் ஊற்றிக் கிளறி, சரிபாதி கோதுமை மாவு சேர்த்துப் பிசையுங்கள். அங்கே ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குத் தேய்ப்பார்கள். நமக்குச் சப்பாத்தியைவிட மெலிதாக வந்தாலே வெற்றி!

இப்போதுதான் வேடிக்கை. வட்டத்தின் நடுவே சோறு, இரு பக்கமும் உள்நோக்கி மடிப்பு, ஓரமெல்லாம் விரல் நுனியால் குட்டிக் குட்டிச் சுருக்கம். சோமாசி மாதிரி வாயை மூடிவிடாதீர்கள், சோறு வெளியே தெரிய வேண்டும்! பின்லாந்தில் 250 முதல் 300 டிகிரி அனலில் கால் மணிக்குள் எடுத்துவிடுவார்கள். வீட்டு ஓடிஜி அவ்வளவு சூடேறாவிட்டால், ஏறும் உச்சத்தில் வைத்துச் சில நிமிடம் கூட்டுங்கள்.

வெளியே வந்ததும் உருக்கிய வெண்ணெய் கலந்த சூடான பாலைத் தடவி, துணியால் மூடுங்கள், ஓடு இளகும். வேகவைத்த முட்டையை வெண்ணெயோடு மசித்து மேலே அப்புங்கள், அதுதான் அங்கத்திய ஜோடி. ராகி ஓட்டோடு கர்யாலன்பீராக்கா என்று ஐரோப்பாவில் விற்க முடியாது. விற்பது இருக்கட்டும், தட்டில் மிஞ்சுகிறதா என்று முதலில் பாருங்கள்!