மாமன் மகளும் மணிமுடியும்



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து வீடு ஒன்றில் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்பவற்றை ஆண்கள் விசாரிப்பார்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி கேட்கும் கேள்வியே வேறு. "உங்கம்மா எந்த வீட்டுப் பொண்ணு? அவங்கம்மா எந்தத் தோட்டம்?" விடை கிடைத்ததும் பாட்டி சிறிது நேரம் மனத்துக்குள் கணக்குப் போடுவாள். "அப்படின்னா மாமன் முறை ஆச்சு, கொடுக்கலாம்" என்பாள். அல்லது, "அண்ணன் தங்கை முறையால்ல வருது" என்று தலையை அசைப்பாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பாட்டி போடும் இந்தக் கணக்குக்குப் பெயர் முறை. ஏறத்தாழத் தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சோழப் பேரரசின் மணிமுடி யார் தலையில் ஏறுவது என்ற வினா எழுந்தபோது, பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவே அதற்கு விடை தந்தது. அந்தக் குடும்பத்தின் கதையை இன்று சற்று விரிவாகக் காண்போம். பாட்டியின் கணக்குத் தெரிந்தவர்களுக்கு அது கடினமாக இராது.

முதலாம் இராசராச சோழன் ஆண்ட காலத்தில், கோதாவரிக்கும் கிருட்டிணைக்கும் இடைப்பட்ட வேங்கி நாட்டைக் கீழைச் சாளுக்கியர் ஆண்டுவந்தனர். அவர்களுள் அரசுரிமை இழந்த சத்திவர்மன், விமலாதித்தன் என்னும் உடன்பிறந்தார் இருவர் சோழ நாட்டில் அடைக்கலம் புகுந்திருந்தனர். இராசராசன் படை அனுப்பிச் சத்திவர்மனை வேங்கி அரியணையில் ஏற்றினான். தன் மகள் குந்தவையை விமலாதித்தனுக்கு மணம் செய்து கொடுத்தான். குந்தவை என்றதும் வந்தியத்தேவனின் மனைவி நினைவுக்கு வரக்கூடும். அவர் இராசராசனின் தமக்கை. இந்தக் குந்தவை அவன் மகள். அத்தையின் பெயரைத் தாங்கியவள்.

குந்தவைக்கும் விமலாதித்தனுக்கும் பிறந்த மகனுக்கு இராசராசன் என்றே பெயரிட்டனர். வரலாற்றில் இராசராச நரேந்திரன் எனப்படுபவன் அவன்தான். நன்னயர் தெலுங்கில் மகாபாரதம் பாடத் தொடங்கியது இவன் அவையில்தான். தாயின் தந்தை பெயர் மகனுக்கு வந்ததைக் கவனியுங்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள்.

நரேந்திரனுக்குப் பெண் எங்கிருந்து வந்தாள்? தாய்மாமன் வீட்டிலிருந்து வந்தாள். குந்தவையின் உடன்பிறந்தவன் முதலாம் இராசேந்திரன். 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை அனுப்பிக் கடாரம் கொண்டவன் என்று புகழ் பெற்றவன். அந்தக் கடாரத்தை நம் கெடா என்றே அறிஞர்கள் பலரும் கொள்கின்றனர். அவன் தன் மகள் அம்மங்கையைத் தமக்கை அல்லது தங்கை மகனாகிய நரேந்திரனுக்குக் கொடுத்தான். அவர்களுக்குப் பிறந்த ஆண்மகவுக்கு மறுபடியும் தாய்வழிப் பாட்டன் பெயர்: இராசேந்திரன். பின்னாளில் முதலாம் குலோத்துங்க சோழன் என்று பட்டம் சூடியவன் இவனே. இவன் மணந்துகொண்ட மதுராந்தகி யார் என்று கேட்டால், அங்கும் அதே விடைதான். அம்மங்கையின் உடன்பிறந்தவனாகிய இரண்டாம் இராசேந்திரனின் மகள் அவள். அதாவது மீண்டும் ஒரு மாமன் மகள்.

தந்தை வழியை மட்டும் எண்ணினால் குலோத்துங்கன் சாளுக்கியன், சோழனே அல்லன். ஆனால் அவன் தாய் சோழப் பெண். தந்தையைப் பெற்ற தாய் சோழப் பெண். மனைவியும் சோழப் பெண். நரேந்திரனுக்கு மாமன் என்றாலும் மாமனார் என்றாலும் முதலாம் இராசேந்திரன் ஒருவனே. குலோத்துங்கனுக்கு இரண்டாம் இராசேந்திரனும் அப்படியே. தாயின் உடன்பிறந்தவரையும் மனைவியின் தந்தையையும் மாமா என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோமே, அது சொற்பஞ்சத்தால் வந்தது அன்று. இருவரும் ஒருவராகவே இருந்த குடும்பங்களின் அடையாளம் அது.

இனி அரசுரிமைச் சிக்கலுக்கு வருவோம். முதலாம் இராசேந்திரனுக்குப் பின் அவன் மக்கள் மூவர் ஒருவர் பின் ஒருவராக ஆண்டனர். மூத்தவன் இராசாதிராசன் 1054ஆம் ஆண்டளவில் கொப்பத்துப் போரில் யானை மீதிருந்தே உயிர் துறந்தான். தம்பி இரண்டாம் இராசேந்திரன் போர்க்களத்திலேயே முடி சூடினான். கடைசித் தம்பி வீரராசேந்திரன், பரம்பரைப் பகைவராகிய மேலைச் சாளுக்கியரைத் திருமண உறவால் பிணைக்கக் கருதி, தன் மகளை அக்குலத்து ஆறாம் விக்கிரமாதித்தனுக்குக் கொடுத்தான். 1070இல் வீரராசேந்திரன் மறைந்ததும் அவன் மகன் அதிராசேந்திரனை அரியணையில் நிலைநிறுத்த உதவியவன் இந்த மாப்பிள்ளைதான். ஆனால் அதிராசேந்திரன் சில திங்களுக்குள் மாண்டான். விசயாலயன் முதல் தந்தை மகன் என்று வந்த நேர்வழி அங்கே அறுந்தது. அவ்வாண்டிலேயே மகள் வழிப் பேரனாகிய குலோத்துங்கன் சோழ அரியணை ஏறினான்.

விக்கிரமாதித்தன் அதை ஒப்பவில்லை; இருவருக்கும் பகை நெடுங்காலம் நீடித்தது. பாட்டியின் கணக்குப்படி பார்த்தால் இவ்விருவர் உறவு என்ன? அண்ணன் மகளை ஒருவனும் தம்பி மகளை மற்றவனும் மணந்தவர்கள். பெண்கள் இருவரும் அக்காள் தங்கை முறை. ஆகவே தக்காணத்தையும் தமிழகத்தையும் பங்கு போட்டுக்கொண்டு மோதிய இம்மன்னர்கள் சகலைகள்! திருமணத்தால் பகை தீரும் என்று எண்ணிப் பெண் கொடுத்தவர்கள், அதே திருமணம் புதிய உரிமைக்காரர்களையும் உண்டாக்கும் என்பதை எண்ணுவதில்லை.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிய வந்தது? வேங்கி அரசர்கள் தம் செப்பேடுகளில் வமிசாவளியை ஒழுங்காக எழுதும் வழக்கம் உடையவர்கள். குப்ச விட்டுணுவர்த்தனன் 18 ஆண்டுகள், அவன் மகன் சயசிம்மன் 33 ஆண்டுகள் என்று ஆண்டுக் கணக்கோடு பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் குந்தவையும் அம்மங்கையும் இடம் பெற்றனர். அவர்கள் பெயரை எழுதாமல் விட்டிருந்தால், சோழ நாட்டோடு குலோத்துங்கனுக்கு என்ன உறவு என்பதை இன்று ஊகித்துக்கொண்டிருப்போம்.

நாம் இருக்கும் மலைக்குப் பெயர் தந்தவர், 1885இல் இப்பகுதியில் நில அளவை செய்த வில்லியம் கேமரன். கேமரன் என்பது ஸ்காட்லாந்தின் மேட்டுநிலக் குடி ஒன்றின் பெயர். அந்த ஸ்காட்லாந்திலும் இதே சிக்கல் ஒருமுறை எழுந்தது. 1286இல் மன்னர் மூன்றாம் அலெக்சாந்தர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். எஞ்சியிருந்தவள் நார்வே நாட்டில் வளர்ந்த ஒரு சிறு பேத்தி. அவளும் 1290இல் கடற்பயணத்தின் முடிவில் மாண்டாள். முடிக்கு உரிமை கோரிப் பதின்மூன்று பேர் வந்தனர். அவர்களுள் முதன்மையான இருவரும் டேவிட் என்னும் பிரபுவின் பெண்வழி வந்தவர்கள். ஜான் பேலியல், டேவிடின் மூத்த மகள் வழிக் கொள்ளுப் பேரன். இராபர்ட் புரூஸ், இளைய மகள் வயிற்றுப் பேரன். மூத்தவள் வழி பெரிதா, ஒரு தலைமுறை நெருக்கம் பெரிதா? இங்கிலாந்து மன்னர் எட்வர்டு நடுவராக அமர்ந்து, 1292இல் மூத்தவள் வழிக்கே தீர்ப்பு வழங்கினார். அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. 1306இல் புரூசின் பேரன் முடி சூடினார். அவர் மகள் மார்ஜரி, அரண்மனைக் காரியஸ்தர் பதவியைப் பரம்பரையாக வகித்த வால்ட்டர் ஸ்டுவர்ட்டை மணந்தாள். 1371இல் அவள் மகன் அரசனானபோது அந்தப் பதவிப் பெயரே அரச குலத்தின் பெயராயிற்று.

ஓர் இடத்தில் மட்டும் அவர்கள் வழக்கம் நம்முடையதற்கு நேர்மாறு. உறவில் மணப்பது நமக்கு உரிமை, அவர்களுக்கோ தடை. 1215இல் கூடிய திருச்சபைப் பேரவை, நான்கு தலைமுறைக்குள் பொதுப் பாட்டன் இருந்தால் திருமணம் கூடாது என்று விதித்தது. ஓட்டன் ஒருவராக இருந்தாலே மணம் செல்லாது! அதற்கு முன் ஏழு தலைமுறைத் தடை இருந்ததாம். அந்தச் சிறிய நாட்டில் பிரபுக் குடும்பங்கள் ஏற்கெனவே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால், போப்பாண்டவரிடம் விலக்கு வாங்காமல் பெண் எடுப்பது அரிதாயிற்று. மார்ஜரியின் மகனே எலிசபெத் மியூர் என்பவளோடு வாழ்ந்து பிள்ளைகள் பிறந்த பிறகு, 1347இல்தான் விலக்குப் பெற்றான். அந்தப் பிள்ளைகள் உரிமைப் பிள்ளைகளா என்ற முணுமுணுப்பு அடுத்த நூற்றாண்டு வரை ஓயவில்லை. ஆங்கிலத்தில் அத்தை மகள், மாமன் மகள், சித்தப்பா மகள், பெரியம்மா மகள் எல்லாருக்கும் 'கசின்' என்ற ஒரே சொல்தான். தடை எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை ஏது?

நமக்கு அந்தத் தேவை இருந்தது, இருக்கிறது. இங்கேதான் நம் தோட்டங்களின் கதை வருகிறது. கேமரன் மலையில் ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தை 1929இல் தொடங்கினார். பாரத் தோட்டம் 1933இல் தொடங்கியது. அக்கால மலாயாவுக்குத் தமிழரை அழைத்து வந்த கங்காணிகள் பெரும்பாலும் தம் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டியவர்கள். ஆகவே ஒரு கங்காணியின் ஆட்கள் என்றால், அது பலவேளைகளில் கொள்வினை கொடுப்பினை உள்ள ஒரு கூட்டமே. 1938இல் இந்திய அரசு தொழிலாளரை இங்கு அனுப்புவதைத் தடை செய்தது. ஊர் உறவு மெல்ல மெல்லத் தேய்ந்தது. முறை மட்டும் லயத்து வாசலில் தங்கியது.

மலேசியச் சட்டமும் அந்த முறையை மதித்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்துக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம், 1982 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நெருங்கிய உறவில் மணப்பதைத் தடுக்கும் பிரிவிலேயே, இந்துக்கள் தம் வழக்கப்படி தமக்கை மகளை, அதாவது பெண்ணின் பக்கமிருந்து சொன்னால் தாய்மாமனை, மணப்பதற்கு மட்டும் விலக்குத் தந்துள்ளது. சட்டம் இடம் தருகிறது என்பதற்காக மருத்துவர் சொல்வதை மறக்க வேண்டா. மாமன் மகளும் அத்தை மகனும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பொதுவாக உடையவர்கள். தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் அது நான்கில் ஒரு பங்கு. பரம்பரை நோய் உள்ள குடும்பம் எனில் மணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

இன்று கொழுந்து பறிப்பவர்களுள் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பழைய தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும், ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். சித்தப்பாவும் அங்கிள், மாமாவும் அங்கிள். அடையாள அட்டையில் அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான் என்று தந்தை பெயர் மட்டுமே தொடர்கிறது. தாய் பெயர் பிறப்புப் பத்திரத்தில் உண்டு. ஆனால் அவள் தாயின் பெயரைத் தேட இன்னொரு பத்திரம் வேண்டும். கல்லூரியில் பழகி மணம் பேசும் இருவர் பங்காளி வழியா, மாமன் வழியா என்பதைச் சொல்ல, சில குடும்பங்களில் ஒரே ஒரு பாட்டிதான் மிச்சம்.

அந்தப் பாட்டி இருக்கும் வீட்டார் ஒரு பெரிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அறிஞர்கள் பின்பற்றும் குறியீடு எளியது: ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்கு இரட்டைக் கோடு. உங்கள் பெயரைத் தாளின் அடியில் எழுதி மேல்நோக்கிப் போங்கள். பாட்டியின் பிறந்த வீட்டிலிருந்து கேள்வியைத் தொடங்குங்கள்; தாத்தா பக்கத்தைப் பத்திரங்களிலும் ஓரளவு தேடிக்கொள்ளலாம். ஒவ்வொரு பெண்ணின் பெயருக்குக் கீழும் அவள் பிறந்த தோட்டத்தையும் ஊரையும் குறியுங்கள். மாமன் மகளை மணந்த இடங்களில் கோடு திரும்பி வந்து முன்னைய கோட்டையே தொடும்; தவறு செய்துவிட்டோமோ என்று அழிக்காதீர்கள், குலோத்துங்கன் குடும்பத்தை வரைந்தாலும் அப்படித்தான் வரும். பாட்டிக்குப் பெயர் நினைவுக்கு வராத இடத்தில் வெறும் வட்டத்தைப் போட்டு வையுங்கள். அடுத்த தீபாவளிக்கு மலையேறி வரும் பெரியம்மா ஒருத்தி அதைப் பார்த்ததும், "அட, இது நம்ம அஞ்சலைல்ல!" என்று சொல்லக்கூடும்.