ஒரே துப்பாக்கி... பின்கட்டையை மாற்றினால் 10 ஆண்டு சிறையா? அமெரிக்காவின் 'ஸ்டாக்' சிக்கல் என்ன?

ஸ்டாக் என்றதும் ஷேர் மார்க்கெட்டுக்குப் போய்விட வேண்டாம். 'துப்பாக்கிக் கட்டையால் தாக்கினர்' என்று செய்தியில் அடிக்கடி வருமே, அந்தக் கட்டைதான் இது. சுடும்போது தோளில் முட்டுக் கொடுக்கும் பின்பகுதி.

சப்-மெஷின் கன்களில் இது பல விதம். நிலையான கட்டை தோளில் கச்சிதமாக உட்காரும், கன்னம் வைத்துக் குறி பார்க்கவும் வசதி. ஆனால் காருக்குள், குறுகலான படிக்கட்டில் இடிக்கும். உள்ளே தள்ளும் கட்டை இடத்தை மிச்சமாக்கும். மெல்லிசாக இருப்பதால் கன்னத்துக்கு அவ்வளவு சுகமில்லை. நம்ம என்.எஸ்.ஜி கமாண்டோக்கள் வைத்திருக்கும் எம்பி5 இரண்டு விதத்திலும் உண்டு. மூன்றாவது, மடக்கும் கட்டை. இஸ்ரேலின் ஊசி முதலில் மரக்கட்டையோடுதான் வந்தது. பிறகு வந்த இரும்புக் கட்டையை விரித்தால் 64 செ.மீ, மடக்கினால் 47 செ.மீ!

சரி, இதில் சட்டம் எங்கே வருகிறது?

அமெரிக்காவில் இதே தோற்றமுள்ள துப்பாக்கிகளைப் பொதுமக்களும் வாங்கலாம். ஒருமுறை அழுத்தினால் ஒரே குண்டுதான் பாயும். கட்டை இல்லாமல் விற்றால் அது 'பிஸ்டல்'. அதிலேயே கட்டையை மாட்டினால் 'ரைபிள்'. ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால், 1934-ம் ஆண்டு சட்டப்படி அரசிடம் பதிய வேண்டும். பதியாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. திருகி மாட்டுற ஒரு கட்டைக்கு இவ்வளவா என்றால், ஆமாம், இவ்வளவுதான்!

இந்த இடைவெளியில் நுழைந்ததுதான் 'பிரேஸ்'. மாற்றுத்திறனாளிகள் ஒரு கையால் சுடுவதற்காக, முன்கையில் கட்டிக்கொள்ளும்படி வடிவமைத்தது. பலர் அதையே தோளில் வைத்துச் சுட ஆரம்பித்தார்கள். பார்வைக்குக் கட்டை, ஆவணத்தில் பிஸ்டல். 2021-ல் கொலராடோவின் போல்டரில் 10 பேரைப் பலிவாங்கிய தாக்குதலில் பயன்பட்டது, பிரேஸ் பொருத்திய ஏஆர் ரக பிஸ்டல்.

2023 ஜனவரியில் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஏடிஎஃப் அமைப்பு, பிரேஸ் மாட்டிய பெரும்பாலானவற்றை ரைபிளாகக் கணக்கிடும் விதியை வெளியிட்டது. 2024 ஜூனில் டெக்சாஸ் ஃபெடரல் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

1934 முதல் ஏறாமலே இருந்த 200 டாலர் வரியும் குட்டை ரைபிள்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். பதிவு மட்டும் இன்னும் கட்டாயம்.