எலும்புக்கூடு லாரியில் 1,900 கிலோ மீட்டர்!

கதவு இல்லை. கூரை இல்லை. முன்பக்கக் கண்ணாடி இல்லை. உட்கார ஒழுங்கான ஆசனம்கூட இல்லை!

இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள். முன்னால் ஒரு எஞ்சின். அடியில் ஆறு சக்கரங்கள். அவ்வளவுதான் வண்டி.

அதன்மேல் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். தலையையும் முகத்தையும் சுற்றித் துண்டு. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. எதிர்க்காற்றில் சட்டை படபடவென்று அடித்துக்கொள்கிறது.

குமாரபாளையத்தை ஒட்டிப் போகும் சேலம்-கோவை நெடுஞ்சாலையில் இப்படிப்பட்ட வண்டியைப் பார்க்காதவர்கள் குறைவு. "லாரிக்குச் சட்டை போட மறந்துட்டாங்க!" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அது லாரியின் எலும்புக்கூடு. மோட்டார்காரர்கள் அதைச் "சேஸ்" என்பார்கள். தொழிற்சாலையில் பிறந்து, உடம்பு கட்டிக்கொள்ளப் பட்டறைக்குப் போகிறது. அதை ஓட்டிவரும் டிரைவர் எத்தனை ராத்திரி தூங்காமல் வந்தார் என்பது சிரிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது.

எங்கிருந்து வந்தது?

குமாரபாளையம் காவிரிக் கரை ஊர். எதிர்க்கரையில் பவானி. தறிச் சத்தம் ஓயாத ஊர் இது. நெய்த துண்டும் லுங்கியும் வெளியூர் போக லாரி வேண்டும். பக்கத்தில் உள்ள சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலுக்கே பேர்போனவை. திருச்செங்கோடோ ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்குப் பேர்போனது. மழை குறைந்த மேட்டுக்காட்டுக் குடும்பங்கள் பல, நிலத்தை நம்பியது போதும் என்று சக்கரத்தை நம்பின.

லாரி எங்கே கிடைக்கும்?

ஜாம்ஷெட்பூரில் டாடா கம்பெனி, ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1954-இல் லாரி செய்யத் தொடங்கியது. சென்னையில் 1948-இல் கார் செய்ய ஏற்பட்ட அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆகி, லாரியும் பஸ்ஸும் செய்தது. ஓசூரில் அதன் தொழிற்சாலை 1980-இல்தான் வந்தது.

ஓசூரிலிருந்து வருவது ஒரு பகல் வேலை. ஜாம்ஷெட்பூர் அப்படியா? சுமார் 1,900 கிலோ மீட்டர்! மைல் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 1,200 மைல்.

தொழிற்சாலை எலும்புக்கூட்டை மட்டுமே கொடுக்கும். டிரைவர் உட்காரும் அறையையும், சரக்கு ஏற்றும் பெட்டியையும் மரத்தாலும் இரும்புத் தகட்டாலும் கட்டுவது நாமக்கல், சங்ககிரிப் பட்டறைகளின் வேலை. பஸ்ஸுக்குக் கரூர். ஆகவே எலும்புக்கூடு தன் சொந்தச் சக்கரத்திலேயே ஊர் வந்து சேரவேண்டும். டிரைவர் ரயிலேறி டாடா நகர் ஸ்டேஷனில் இறங்குவார். தற்காலிக நம்பர் எழுதிய வண்டியை வாங்குவார். மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்.

கடலோரப் பாதை

பகரகோரா, பாலசோர் வழியாக வந்தால் வங்கக் கடலை ஒட்டிய பெரிய சாலை. கட்டாக், புவனேஸ்வர், பெர்ஹாம்பூர், ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம், ராஜமந்திரி, விஜயவாடா, நெல்லூர். மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று மூன்று மகா நதிகளைத் தாண்டவேண்டும். விஜயவாடாவில் பிரகாசம் அணை 1957-இல் வந்தது. ராஜமந்திரியில் கோதாவரி மேல் ரயிலும் மோட்டாரும் போகும் பாலம் 1974-இல்தான் வந்தது. இன்று அந்த வழி தங்க நாற்கரச் சாலை.

வெயில் அடித்தால் தலையில் அடிக்கும். மழை பெய்தால் மடியில் பெய்யும். ராத்திரியில் எதிர் வண்டி விளக்கு கண்ணைக் குத்தும். விளக்கைத் தேடி வரும் பூச்சிகள் முகத்தில் மோதும். எஞ்சின் சூடு ஒரு பக்கம், பனி மறுபக்கம்!

வேறு ஒரு தொல்லையும் உண்டு. சரக்கு இல்லாத சேஸுக்குப் பின்பக்கம் கனம் கிடையாது. பள்ளத்தில் இறங்கினால் பின்சக்கரம் துள்ளும். சட்டென்று பிரேக் போட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஈரச் சாலையில் வண்டி பக்கவாட்டில் திரும்பிவிடும். புது எஞ்சினை ஆரம்பத்தில் விரட்டி ஓட்டவும் கூடாது. ஆக, சாலை காலியாகக் கிடந்தாலும் பறக்க முடியாது.

இரண்டு நாளா? ஐந்து நாளா?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

மணிக்குச் சராசரி 40 கிலோ மீட்டர் என்று வையுங்கள். 1,900 கிலோ மீட்டருக்கு 48 மணி நேரம் ஆகும். அதாவது எங்கும் நிற்காமல் ஓட்டினால் இரண்டு பகல், இரண்டு இரவு. நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டி, சாப்பிட்டு, தூங்கி வந்தால்? கிட்டத்தட்ட ஐந்து நாள்.

இடையில் இருப்பது மூன்றே நாள். அந்த மூன்று நாளில்தான் எல்லாம் இருக்கிறது.

வண்டி பெரும்பாலும் கடனில் வாங்கியது. எலும்புக்கூடு சம்பாதிக்காது. ஆனால் வட்டி ஓடும்! பட்டறையில் உடம்பு கட்டவும் வாரக்கணக்கில் ஆகும். "எங்கப்பா வந்துட்டிருக்கே?" என்று முதலாளி கேட்பதில் ஆச்சரியம் இல்லை. டிரைவருக்கும் நாள் சம்பளம் அல்ல, நடைக் கூலி. மூன்று நாள் மிச்சமானால் அடுத்த நடை சீக்கிரம் கிடைக்கும். வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

முன்பு ஊருக்குத் தகவல் சொல்லக் கடிதம், தந்தி. அவசரமென்றால் டிரங்க் கால். இப்போது செல்போன். இரவு பதினோரு மணிக்கு மனைவி கேட்கிறாள்: "சாப்பிட்டீங்களா? எங்கயாச்சும் படுத்துட்டு வாங்க." "படுக்கறேன், படுக்கறேன்" என்று பதில் வருகிறது. பின்னால் எஞ்சின் சத்தம் கேட்கிறது!

மூன்று விநாடி

மனித உடம்புக்குள் ஒரு கடிகாரம் உண்டு. இரவு இரண்டு மணியிலிருந்து விடியற்காலை வரை அது "தூங்கு, தூங்கு" என்று சொல்லும். டீ குடித்தாலும், முகம் கழுவினாலும், பாட்டுப் பாடினாலும் கொஞ்ச நேரம்தான் தள்ளிப்போடலாம். தூக்கக் கடனைத் தூங்கித்தான் அடைக்க வேண்டும்.

கண் திறந்தபடியே சில விநாடி மூளை தூங்கிவிடுவதும் உண்டு. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால் வண்டி 50 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுபவர் இல்லாமல் ஓடும் 50 மீட்டர்! சுற்றிலும் தகடும் கதவும் இருந்தாலாவது கொஞ்சம் தடுக்கும். சேஸில் அதுவும் இல்லை.

1997-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் ஒரு சோதனை செய்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கை நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லி கிராம் மது இருப்பவரின் நிதானத்தைப் போலவே கெட்டுவிடுகிறதாம். நம் நாட்டில் 30 மில்லி கிராமுக்கு மேல் இருந்தாலே போலீஸ் பிடிக்கும். தூக்கத்தை ஊதிப் பார்க்க எந்தக் கருவி இருக்கிறது?

இதைப் பார்லிமெண்டு அன்றே யோசித்தது. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேர வேலை, தூரப் பயணமானால் பத்து மணி நேரம் என்று வரம்பு கட்டியது. ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேரம் ஓய்வு என்றது. ஆனால் ஐந்து தொழிலாளராவது உள்ள நிறுவனத்துக்குத்தான் சட்டம். ஒரே லாரி வைத்திருப்பவர் வாசலை அது எட்டிப் பார்க்கவில்லை. நம் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்ச நஞ்சமா?

ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்தியே ஆகவேண்டும். ஓட்டிய நேரத்தை வண்டியிலுள்ள கருவியே குறித்துக்கொள்ளும்.

விவரம் தெரிந்த முதலாளிகள் இரண்டு டிரைவர்களை அனுப்புகிறார்கள். செலவு கூடும்தான். ஆனால் ஒருவருக்குக் கண் சொருகினால் மற்றவர் சும்மா இருக்கமாட்டார். "அண்ணா, போதுங்க. ஓரங்கட்டுங்க. நான் புடிச்சுக்கறேன்" என்பார். சேஸில் படுத்துக்கொண்டே வர இடம் ஏது? ஆகவே வழியில் நாலு மணி நேரமாவது நிறுத்தி, தாபாக் கட்டிலில் உடம்பைச் சாய்த்துத்தான் ஆகவேண்டும். அப்படியும் மூன்று நாளில் ஊர் வந்துவிடலாம்.

இன்று பெரும்பாலான லாரிகள் தொழிற்சாலையிலேயே டிரைவர் அறையோடு வருகின்றன. 2025 முதல் புது லாரிகளின் டிரைவர் அறையில் குளிர்சாதனமும் கட்டாயமாகிவிட்டது. பஸ் சேஸ்களோ இன்னும் திறந்த வெளியிலேயே வருகின்றன. ஒன்றை இங்கே சொல்லவேண்டும்: குளுகுளு அறை வெயிலைத்தான் தடுக்கும், தூக்கத்தைத் தடுக்காது. அதிலே இன்னும் நன்றாகத் தூக்கம் வரும்!

வண்டி வந்தாச்சு!

கிருஷ்ணகிரி தாண்டி, தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம் கடந்து, சங்ககிரி மலைக்கோட்டை கண்ணில் பட்டதும் டிரைவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். இனி வீடு பக்கம்.

வாசலில் குடும்பமே நிற்கிறது. எலும்புக்கூட்டுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஸ்டியரிங் வளையத்தைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகளுக்குள் போட்டி. பாட்டி கற்பூரம் காட்டுகிறாள். "டிரைவரைக் கூப்பிடுங்க, திருநீறு வாங்கிக்கட்டும்" என்கிறார் முதலாளி.

டிரைவர் எங்கே? துண்டைத் தலைக்கு வைத்து, திண்ணையில் தூங்கிக்கொண்டிருக்கிறார்.