மஞ்சள் பெயின்ட்டில் ஈயம்: சட்டம் எதுவரை காக்கிறது?

பள்ளிப் பேருந்து, பொக்லைன் இயந்திரம், நெடுஞ்சாலைக் கோடு என்று திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே எங்கும் மஞ்சள் பெயின்ட் கண்ணில் படும். அத்தனையிலும் ஈயம் இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனால் அடர்த்தியான, விலை குறைந்த மஞ்சளுக்காகப் பெயின்ட் தொழில் நெடுங்காலமாக நாடிவந்த நிறமி ஈயக் குரோமேட்.

அது என்ன?

ஈயமும் குரோமியமும் சேர்ந்த உப்பு. எடையில் ஏறத்தாழ 64 சதவீதம் ஈயம். குரோமியமோ புற்றுநோயை உண்டாக்கும் ஆறு இணைதிறன் வகை. ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை விட்டுப்போன, லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவுக் குவியலிலிருந்து நிலத்தடி நீரில் கலந்ததும் இதே வகைக் குரோமியம்தான். அங்கே கசிந்தவை நீரில் கரையும் உப்புகள். ஈயக் குரோமேட் நீரில் அநேகமாகக் கரையாது. எனவே இங்கே முதலில் அஞ்ச வேண்டியது தூசிக்கு.

உடலுக்குள் எப்படிப் போகிறது?

பழைய கேட்டையோ ஜன்னல் கம்பியையோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் தூளைப் பெயின்டர் மூச்சில் இழுக்கிறார். தரையில் படிந்த தூள் தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகிறது. நீரில் கரையாத அந்தத் தூளிலிருந்து வயிற்று அமிலம் ஈயத்தைப் பிரித்துவிடும். அது குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்ட்டுகளில் ஈயம் 90 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 90 மில்லிகிராம், தாண்டக் கூடாது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2016இல் அறிவிக்கப்பட்ட இந்த விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சிலைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் திருத்திய வழிகாட்டுதல்கள், நீரில் கரைக்கும் சிலைகளுக்கு நச்சு வண்ணங்கள் கூடாது என்கின்றன. விழுப்புரத்தை அடுத்த அய்யங்கோவில்பட்டு போன்ற சிலை செய்யும் ஊர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். பெயின்ட்டுக்கு வெளியே, சமையல் மஞ்சள் தூளிலும் ஈயக் குரோமேட் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி.

ஓட்டை எங்கே?

2016 விதி தொழிற்சாலைப் பெயின்ட்டுகளைத் தொடவில்லை. வாகனம், இயந்திரம், சாலைக் கோடு ஆகியவற்றுக்கான பெயின்ட் அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறது. பட்டறையில் மிஞ்சிய எனாமல் வீட்டுக் கேட்டுக்கு வந்து சேர்ந்தால் தடுக்க ஆளில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ 2015 மே 21 முதல் தனி அனுமதியின்றி ஈயக் குரோமேட்டைப் பயன்படுத்தத் தடை விதித்தது. ஈயக் குரோமேட் வகை நிறமிகளைத் தொழிற்சாலைப் பெயின்ட்டுக்கும் சாலைக் குறியீட்டுக்கும் பயன்படுத்த ஒரு நிறுவனம் பெற்ற அனுமதியை எதிர்த்து ஸ்வீடன் வழக்குப் போட்டது. மாற்றுப் பொருள் கிடைக்கவில்லை என்பது முறையாக ஆராயப்படவில்லை என்று கூறி, 2019இல் அந்த அனுமதியை நீதிமன்றம் ரத்து செய்தது.

நாம் செய்யக்கூடியவை

டப்பாவில் ஈய அளவு 90 பிபிஎம்முக்கு மேல் இல்லை என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். நனைத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த இடத்தில் இருக்க வேண்டாம். தேய்ப்பவருக்குத் தூசியைத் தடுக்கும் முகக்கவசம் கட்டாயம். சுரண்டிய தூளைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள்.

ஈயம் கலக்காத மஞ்சள் நிறமிகள் சந்தையில் இருக்கின்றன, விலைதான் கூடுதல். அந்த விலை வித்தியாசத்துக்காகக் குழந்தைகளின் மூளையைப் பணயம் வைப்பதில் நியாயமில்லை. 90 பிபிஎம் வரம்பு எல்லாப் பெயின்ட்டுக்கும் வர வேண்டும்.