முதல் குரூப்பா, மூன்றாம் குரூப்பா?

சோழபுரத்துத் தேநீர்க் கடையில் நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரவு ஷிப்டு முடித்து வந்தவர். தலைமுடியில் பஞ்சு கூடப் போகவில்லை.

"அண்ணாச்சி, மகள் பத்தாவது தேறிவிட்டாள். முதல் குரூப் எடுக்கச் சொல்கிறார் ஒருவர். ஆலைக்காரன் மகளுக்கு அதெல்லாம் எதற்கு, மூன்றாவது போதும் என்கிறார் இன்னொருவர். வெளியூரில் தனியார் பள்ளி விடுதியில் சேர்த்தால் டாக்டராகவே ஆகிவிடுவாளாம். வட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?"

தோழர்களே, ஆண்டுதோறும் மே மாதத்தில் எத்தனையோ தொழிலாளர் வீடுகளில் எழும் கேள்வி இது. பதினைந்து வயதுப் பிள்ளையின் பாதை ஒரே வாரத்தில் முடிவாகிறது. முடிவு செய்கிறவர்களோ, அந்தப் பாதையில் நடந்தே பார்க்காதவர்கள்!

முதலில் விவரத்தைப் பார்ப்போம். நம் அப்பன்மார் காலத்தில் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.; அதற்கு மேல் பி.யு.சி. படிக்கப் பட்டணத்துக் கல்லூரிக்குப் போகவேண்டும். பஸ் செலவுக்கு வழியில்லாதவன் அதோடு நின்றான். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபின் அந்தப் படிப்பு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்தது. அன்று பௌதிகம், ரசாயனம் என்றார்கள். இன்று இயற்பியல், வேதியியல். பெயர் எதுவானால் என்ன, நம் பிள்ளைக்குக் கிடைத்தால் சரி.

இரண்டு மொழிப் பாடம், நான்கு சிறப்புப் பாடம். மொத்தம் 600 மதிப்பெண். இயற்பியல், வேதியியலோடு கணிதமும் உயிரியலும் சேர்ந்தால் எஞ்சினியரிங், மருத்துவம் ஆகிய இரண்டு கதவும் திறந்திருக்கும். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் எடுப்போரும் உண்டு. கணிதத்தை விட்டுத் தாவரவியலும் விலங்கியலும் எடுத்தால் மருத்துவம், நர்சிங் பக்கம் போகலாம்; எஞ்சினியரிங் கதவு மூடிவிடும். மூன்றாம் குரூப் என்று வழங்குவது வணிகவியல், கணக்குப்பதிவியல். இவை தவிரத் தொழிற்பிரிவு இருக்கிறது. எஞ்சினியரிங் சேர்க்கையில் அந்த மாணவருக்கும் தனி இடம் உண்டு. பத்தாவதோடு பாலிடெக்னிக் போனவன் டிப்ளமோ முடித்து நேரே எஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டில் சேரலாம். எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பிரிவும் இராது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வரிசை எண்கள் செய்த கேட்டைச் சொல்லி முடியாது! முதல் குரூப் என்றால் மேல்சாதி, மூன்றாம் குரூப் என்றால் கீழ்சாதி என்று பள்ளிக்குள்ளேயே ஒரு வருணாசிரமத்தைக் கட்டி வைத்திருக்கிறோம். கணக்குப் பதிவு தெரிந்த பிள்ளை கூட்டுறவுச் சங்கத்தைக் காப்பாற்றுவான். ஆனால் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்ட பிள்ளையை, "உன் வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பார்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பாராம்? ஆலைக்குள் காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறுகிறது என்று அந்தத் தகப்பனுக்குத் தெரியும், அது இயற்பியல். சத்திரப்பட்டியில் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்கிறார்கள். பச்சைப் பஞ்சில் இயற்கையான மெழுகு இருப்பதால் அது தண்ணீரை உறிஞ்சாது. காரத்தில் வேகவைத்து, வெளுத்து எடுத்தபின்தான் புண்ணின் ஈரத்தை உறிஞ்சும். சிவகாசி மத்தாப்பில் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம்; பச்சைக்கு, தடை வருவதற்கு முன்பு, பேரியம் சேர்த்தார்கள். அது வேதியியல் அல்லாமல் வேறென்ன? உழைப்பவன் கை செய்வதைத்தான் புத்தகம் சூத்திரமாக எழுதி வைத்திருக்கிறது.

ராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் போனால் செங்கோட்டை. அங்கே அரசு பெண்கள் பள்ளியில் படித்த நிகர் ஷாஜி, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிக்குப் போனார். 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2023 செப்டம்பர் 2ஆம் நாள் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்துக்கு இயக்குநர் அவரே.

இனி அந்த வட்டிக் கடன் விஷயம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு நெஞ்சு பதறிற்று. 2017 முதல் தமிழ்நாட்டு மருத்துவ இடங்களுக்கும் நீட் வந்தது. பயிற்சிக்குப் பணம் கட்டினவனுக்கு வசதியாகவும், கட்டாதவனுக்குச் சுவராகவும் ஆயிற்று. அந்தச் சுவரில் ஒரு வாசல் திறக்கத்தான் 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 7.5 சதவிகித உள்ஒதுக்கீடு சட்டமானது. 2021இல் எஞ்சினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணை வட்டிக்கு வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றினால், அந்த உரிமை அன்றே போயிற்று! கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் கைநழுவும். காசும் கொடுத்து உரிமையையும் கொடுக்கும் வியாபாரம் உலகில் வேறெங்கும் உண்டா?

இன்னொன்று. பிளஸ் ஒன் பாடத்தைக் கைகழுவிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த தனியார் பள்ளிகள் இருந்தன. அதைத் தடுக்க 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் நீட் வினாத்தாள் பதினோராம் வகுப்புப் பாடத்தையும் கேட்கும். பழைய தந்திரம் திரும்பாமல் பார்ப்பது யார் வேலை?

நம் வேலைதான். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உட்காரலாம். கிளைத் தோழர்கள் கூச்சப்படாமல் போய் உட்காருங்கள். ஆய்வுக்கூடம் திறக்கிறதா, பியூரெட்டும் அமிலமும் இருக்கிறதா, இயற்பியல் ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கிறதா என்று கேளுங்கள். வேதியியலில் செய்முறைக்கு மட்டும் 20 மதிப்பெண். பூட்டிய அறையைப் பார்த்து அதை வாங்க முடியாது.

அந்தத் தொழிலாளியிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "மகளுக்கு எது பிடிக்குமாம்?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவளை யாருமே கேட்கவில்லை, அண்ணாச்சி" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார்.