இதயத்தின் தொடர் வைப்பு

சிவாஜிநகர் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் பேருந்துகளில் ஓட்டுநர் அமர்ந்தே பணியாற்றுகிறார். நடத்துநரோ நடந்துகொண்டே இருக்கிறார். லண்டன் மாடிப் பேருந்துகளில் இவ்விரு பணியாளரையும் ஒப்பிட்ட மருத்துவர் ஜெரி மாரிஸ், படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953-ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார்.

இதன் காரணத்தைப் பிற்கால உயிரணு ஆய்வுகள் ஓரளவு விளக்குகின்றன. இதயத் தசையணுக்களில் 25 வயதில்கூட ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடே புதிதாக உருவாகின்றன என ஸ்வீடன் நாட்டு அறிஞர்கள் 2009-இல் கண்டறிந்தனர். ஆகவே, இருக்கும் முதலைப் பேணுவதே அறிவுடைமை. நீண்டகாலப் பயிற்சி ‘ஐஜிஎஃப்-1’ என்னும் வளர்ச்சிக் காரணியின் வழியே ‘ஆக்ட்’ புரதத்தைத் தூண்டி, அணுக்களை அளவோடு வலுப்படுத்துகிறது. அவற்றின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்களையும் செம்மைப்படுத்துகிறது.

பயிற்சி நின்றால் பயனும் படிப்படியாகக் குறையும். உடற்பயிற்சி, ஒருமுறை செலுத்திவிட்டு மறந்துவிடும் நிலை வைப்பு அன்று. தவணை தவறாது செலுத்த வேண்டிய தொடர் வைப்பு.